ஐந்து ஊருக்கு ஒரு பெட்டி

அந்தத் துணியைத் தீய வெச்சவ நான்தான். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் சுத்தி வளைச்சுக் கேக்க வேண்டாம்.

நான் இஸ்திரி போடறவ. அக்காவோட தையல் கூடத்துல பதினோரு வருஷமா நிக்கறேன். அக்கான்னா கூடப்பிறந்தவ இல்ல, பக்கத்து வீடு. எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினா அந்தப் பக்கத்துல இருந்து திட்டு வரும். சுகாதார நிலையத்துக்கு வேண்டிய துணியெல்லாம் எங்ககிட்டதான் தைக்கக் குடுப்பாங்க. படுக்கை விரிப்பு, தலையணை உறை, மிஷினுங்க மேல தூசி படாம மூடற உறை, எல்லாம். தைச்சதை நான் இஸ்திரி போட்டு அடுக்கி சாக்குப் பையில திணிப்பேன். அக்கா பை வாயை மூட்டை தைக்கிற கை மிஷினால சர்ருனு ஒரே ஓட்டமா தைப்பா. சிமெண்ட் மூட்டையில அந்தத் தையலைப் பாத்திருப்பீங்க. சரியான முனையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தா மொத்தமும் பிரிஞ்சு கையோட வந்துடும். தப்பான முனையை இழுத்தா அன்னைக்குப் பொழுது அதுலயே போயிடும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி கண்ணாடிப் பெட்டிக்குன்னு ஒரு உறை தைச்சோம். குறை மாசத்துல பொறக்கற குழந்தையை உள்ள வெச்சு சூடு குடுக்கிற மிஷின் அது. நல்ல தடிச்ச பச்சை டிரில் துணி. மடிப்பு நிக்கட்டும்னு இஸ்திரியை வெச்சேன். அப்பப் பாத்து வாசல்ல மீன்காரி கூப்பிட்டா. நான் விலை கேட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள முன்பக்கம் தீஞ்சு, இஸ்திரி அளவுக்கு அப்படியே ஓட்டை.

"உனக்குக் கண்ணு முதுகுலயா இருக்கு?"ன்னா அக்கா. பச்சைத் துணி தீந்து போயிருந்துச்சு. நீலத் துணியில இஸ்திரி மாதிரியே முக்கோணமா வெட்டி ஒட்டுப் போட்டா. "பாக்கறவன் படகுன்னு நினைச்சுப்பான், போ"ன்னு சிரிச்சா. அப்பல்லாம் அவ சிரிப்பா.

அக்கா வீட்டுக்காரர் சுகாதார நிலைய வேன் டிரைவர். நான் மாமான்னு கூப்பிடுவேன். பத்தொன்பது வருஷமா தற்காலிக வேலை. வேனோட சொந்த ஹாரன் செத்து ரொம்ப நாளாச்சு. பழைய லாரியில இருந்து கழட்டின ஹாரனை அவரே மாட்டியிருந்தார். கிடா கத்தற மாதிரி இருக்கும். நாலு தெரு தள்ளியும் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டா அக்கா அடுப்புல டீயை வெப்பா.

எங்க வட்டாரத்துல அஞ்சு ஊருக்கு அஞ்சு சுகாதார நிலையம். அஞ்சுக்கும் ஒரு அதிகாரி. கக்கத்துல ஃபைல் இல்லாம அவரை யாரும் பாத்ததில்ல, ஃபைலுக்குள்ள என்ன இருக்குன்னும் யாரும் பாத்ததில்ல. எங்களுக்குள்ள அவர் பேரு கோப்பு. கோப்பு ஒழுங்கா வேலை பாக்கறாரான்னு பாக்க, ஊருக்கு ஒருத்தர்னு அஞ்சு பேர் மேற்பார்வைக் குழு. வருஷத்துக்கு ஒரு தடவை, வாரம் ஒரு நிலையம்னு அஞ்சு பேரும் ஒண்ணா சுத்தி வருவாங்க. இருக்க வேண்டியதெல்லாம் இருக்குன்னு கையெழுத்துப் போடுவாங்க. போட்டாத்தான் மேலிடத்துல இருந்து அடுத்த வருஷ நிதி வரும். குழு வர்ற நாள்ல டீ, பிஸ்கட், புதுத் துடைப்பம் எல்லாம் இருக்கும்.

அக்காவுக்கு ஒரே பொண்ணு. குட்டின்னு கூப்பிடுவோம். கல்யாணமாகி மாமியார் வீட்டுல இருந்தா, வீட்டுக்காரர் வெளியூர்ல வேலை. ஏழாம் மாசத்துல ஒரு புதன்கிழமை காலையில திடீர்னு வலி வந்துடுச்சு. மாமியார் வாடகை வண்டியில அள்ளிப் போட்டுக்கிட்டு எங்க நிலையத்துக்கு வந்தாங்க. பொண்ணு பொறந்துச்சு. கை அகலம்தான் இருந்துச்சாம். கண்ணாடிப் பெட்டி ரிப்பேருக்குப் போயிருக்குன்னு நர்ஸ் சொன்னாங்க. பஞ்சுல சுத்தி, சுடுதண்ணி பாட்டிலை அணைச்சு வெச்சு, ரெண்டு மணி நேரம் தள்ளி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. பாதி வழியிலயே எல்லாம் முடிஞ்சுது.

எங்களுக்குச் சேதி வந்து நாங்க நிலையத்துக்கு ஓடினப்ப குட்டி சுவரைப் பாத்துப் படுத்திருந்தா. அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். இங்கயும் சுவரைப் பாத்துதான் படுத்தா. ரெண்டு மாசம் ஆகியும் எழுந்து வாசலுக்கு வரலை.

அந்த ரெண்டு மாசமும் நாங்க ரிப்பேருன்னுதான் நம்பினோம். மிஷின்னா கெடத்தானே செய்யும், எங்க தையல் மிஷின் கெடலையா. விதின்னு விட்டுட்டோம்.

அப்புறம் ஒரு நாள் விரிப்பு மூட்டை குடுக்க நானும் அக்காவும் நிலையத்துக்குப் போனோம். ஸ்டோர்க்காரர் சாப்பிடப் போயிருந்தார். காத்துட்டு நின்ன இடத்துல அறிவிப்புப் பலகை. குழுவோட வருஷ அறிக்கையைக் கலர்ல அச்சடிச்சு ஒட்டியிருந்தாங்க. அஞ்சு நிலையம், அஞ்சு போட்டோ. ஒவ்வொண்ணுலயும் உறை போட்ட கண்ணாடிப் பெட்டி, பக்கத்துல குழுக்காரங்க சிரிச்சுட்டு நிக்கறாங்க. நான் சும்மா பாத்துட்டு இருந்தேன்.

"இங்க வா"ன்னா அக்கா. குரலே மாறியிருந்துச்சு. விரலை முதல் போட்டோவுல வெச்சா. பச்சை உறையில நீலப் படகு. ரெண்டாவதுலயும் நீலப் படகு. மூணு, நாலு, அஞ்சு. நான் தீய வெச்ச ஓட்டை, அக்கா போட்ட ஒட்டு. உலகத்துல அது ஒண்ணுதான் உண்டு.

அஞ்சாவது போட்டோவுக்குக் கீழ தேதி போட்டிருந்துச்சு. குட்டிக்கு வலி வந்த அதே புதன்கிழமை. அஞ்சுல ஒண்ணான மேட்டு நிலையம், காலை பத்து மணி.

நான் அந்தத் தாளைக் கிழிச்சு விரிப்புக்கு நடுவுல வெச்சு எடுத்துட்டு வந்துட்டேன். திருட்டுதான். இன்னொரு தடவைன்னாலும் செய்வேன்.

சாயங்காலம் கிடாச் சத்தம் கேட்டுச்சு. அக்கா டீ வெச்சா. மாமா வந்து உக்காந்து ரொட்டியை டீயில நனைச்சார். நான் வாசப்படியில உக்காந்து பட்டன் பிரிச்சுட்டு இருந்தேன்.

"அன்னைக்குப் பெட்டி ரிப்பேருக்குப் போயிருந்துச்சா?"ன்னு கேட்டா அக்கா.

"போயிருந்துச்சு."

"எந்தக் கடைக்கு?"

மாமா ரொட்டியைப் பாத்தார்.

"ஏங்க, எந்தக் கடைக்குன்னு கேட்டேன்."

"கடைக்கு இல்ல."

"பின்ன?"

"மேட்டு நிலையத்துக்கு. பத்து மணிக்கு அங்க குழு வருதுன்னு நான்தான் ஏத்திட்டுப் போனேன். மூணு வருஷமா அப்படித்தான். குழு எங்க போகுதோ அதுக்கு முன்னாடி பெட்டி அங்க போயிடும். அஞ்சுக்கும் நிதி வந்துச்சு, வாங்கினது ஒண்ணுதான்."

"எத்தனை மணிக்கு ஏத்தினீங்க?"

"ஏழே முக்கால் இருக்கும்."

"குட்டி எத்தனை மணிக்கு வந்தா?"

மாமா கையில இருந்த ரொட்டி டீக்குள்ளயே கரைஞ்சு விழுந்துடுச்சு. "கேட்டுகிட்ட எதிர்ல ஒரு வாடகை வண்டி வந்துச்சு. ரெண்டு வண்டி போக இடம் இல்ல. ஹாரன் அடிச்சேன். அவங்க பின்னால போய் வழி விட்டாங்க. உள்ள யாருன்னு நான் பாக்கலை. அவளுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

அக்கா கத்துவான்னு பாத்தேன். கத்தியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

"செத்தது உங்க பேத்தின்னு கோப்புகிட்ட சொன்னீங்களா?"

"வீட்டுல துக்கம்னு லீவு கேட்டேன்."

"யாருன்னு கேக்கலையா அவன்?"

"கேக்கலை."

"நீங்களும் சொல்லலை."

"நிரந்தரம் பண்றதுக்கு என் பேரை எழுதியிருக்கேன்னு சொன்னார். பத்தொன்பது வருஷம்..."

அக்கா அவர் முன்னால இருந்த டீயை எடுத்துட்டுப் போய் வாசல்ல கொட்டினா. திரும்பி வந்து நின்னா. "அவனை நான் பாத்துக்கறேன். அவன் குடும்பம் தலை நிமிந்து தெருவுல நடக்கக் கூடாது. உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். உள்ள படுத்திருக்காளே, அவகிட்ட இதை உங்க வாயால சொல்லணும். நான் சொல்ல மாட்டேன், இவளும் சொல்ல மாட்டா. நீங்க சொல்ற வரைக்கும் இந்த வீட்டுல உங்களுக்குச் சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது."

சொன்னபடி செஞ்சா. அதுக்கப்புறம் எல்லாம் என் மூலமாத்தான். "உன் மாமாகிட்ட சொல்லு, குளிக்கத் தண்ணி காஞ்சிருக்குன்னு"ன்னு சொல்லுவா. மாமா ரெண்டடி தள்ளி நிப்பார். நானும் லூசு மாதிரி திரும்பி, "மாமா, தண்ணி காஞ்சிருக்காம்"னு சொல்லுவேன். அவர் தினம் ஒரு தடவை குட்டி படுத்திருக்கிற அறை வாசல் வரைக்கும் போவார். செருப்பைத் தேடற மாதிரி கீழ பாப்பார். திரும்பிடுவார்.

குழுவுக்கு அந்த வருஷத் தலைவர் கணக்கு டீச்சர். ரிட்டையர் ஆகி, அஞ்சுல பெரிய ஊர்ல தனியா இருந்தாங்க. நானும் அக்காவும் பஸ் ஏறிப் போனோம். டீச்சர் டீ குடுத்தாங்க. அக்கா தொடலை. தாளை மேஜையில விரிச்சா.

"இதுல என்னம்மா பாக்கணும்?"

"நீல ஒட்டைப் பாருங்க."

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பாத்தாங்க. முடிச்சுட்டுத் திரும்ப முதல்ல இருந்து பாத்தாங்க.

"உறையைத் தூக்கிப் பாத்திருக்கீங்களா டீச்சர், ஒரு தடவையாவது?"

"கிருமி ஒட்டும், தொடாதீங்கன்னு சொல்லுவார்."

"நீங்க கணக்கு டீச்சர். ஒண்ணு எப்படி அஞ்சாச்சு?"

அந்தம்மா முகம் சுருங்கிப் போச்சு. எனக்குப் பாவமா இருந்துச்சு, அக்காவுக்கு இல்ல. குட்டி கதையை ஒண்ணு விடாம சொன்னா. பஞ்சு, சுடுதண்ணி பாட்டில், பாதி வழி. டீச்சர் நடுவுல, "போதும்மா"ன்னாங்க. "இன்னும் இருக்கு டீச்சர்"னு சொல்லி முடிச்சுட்டுத்தான் நிறுத்தினா.

"என் கையெழுத்தும் அதுல இருக்கு. நான் என்ன பண்ணணும், சொல்லு."

"மேல எழுதிப் போடுங்க."

"எழுதினா சுத்திச் சுத்தி விளக்கம் கேட்டு அவர் மேஜைக்கே வரும். அவர் விளக்கம் எழுதுவார், ஃபைலை மூடிடுவாங்க." டீச்சர் கொஞ்ச நேரம் விரலால மேஜையைத் தட்டினாங்க. "ஒரு பெட்டி அஞ்சு இடத்துல இருக்கறதுக்கு அஞ்சு வாரம் வேணும். ஒரே நாள், ஒரே மணிக்குப் பாத்தா?"

அடுத்த கூட்டத்துல டீச்சர் அதைச் சொன்னாங்க. அடுத்த வருஷச் சோதனைக்கு அவங்கவங்க ஊர் நிலையத்தை அவங்கவங்க பாக்கட்டும், எல்லாரும் ஒரே புதன்கிழமை பத்து மணிக்குன்னு. எங்க ஊர் உறுப்பினர் பேக்கரிக்காரர். நிலையத்துக்கு ரொட்டி சப்ளை அவரோடதுதான், அதனால கோப்பு இருமினாலும் ஆமா போடுவார். அன்னைக்கு விவரம் புரியாம, "நல்லது, பெட்ரோல் மிச்சம்"னு முதல் ஆளாக் கையைத் தூக்கிட்டாராம். கோப்பு சிரிச்சுக்கிட்டே சரின்னாராம்.

அந்தச் சோதனைக்கு இன்னும் பத்து நாள் இருக்கறப்ப, மத்தியானம் மாமா தையல் கூடத்துக்கு வந்தார். என்னைப் பாத்துதான் பேசினார்.

"உங்க அக்காகிட்ட சொல்லு, கோப்புக்கு நாலு உறை வேணுமாம். பழைய அளவு. வெளிய குடுத்தா பேச்சு வரும், உன் வீட்டுலயே தைச்சுடுன்னார்."

அக்காவோட மிஷின் நின்னுச்சு. "நாலு பெட்டி வந்துடுச்சான்னு கேளு."

"நாலு பழைய மேஜை வந்திருக்கு. அது மேல அட்டைப் பெட்டி அடுக்கி மூடப் போறாங்க."

அக்கா சிரிச்சா. எத்தனையோ மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் சிரிச்சா.

"அளவு பிசகாம தைச்சுத் தர்றேன்னு சொல்லு. இந்தத் தடவை யாரும் தீய வெக்க மாட்டாங்கன்னும் சொல்லு."

மூணு நாள் தைச்சா. மேல் பக்கம், பின் பக்கம் எல்லாம் ஒழுங்கான தையல். முன்பக்கத் துணியை மட்டும் மூட்டை தைக்கிற கை மிஷினால சேத்தா. வலது பக்கம் கீழ ஆரம்பிச்சு, மேல ஏறி, குறுக்க போய், இடது பக்கம் இறங்கற வரைக்கும் ஒரே ஓட்டம். எல்லாம் பச்சை நூல். இழுக்க வேண்டிய முனையில மட்டும் ஒரு சாண் சிவப்பு நூல் முடிஞ்சு விட்டா. நான் இஸ்திரி போட்டேன். கண்ணை எடுக்காமப் போட்டேன், தெருவுல எந்த மீன்காரி கத்தினாலும்.

உறையை எடுத்துட்டுப் போக மாமா வந்தார். மடிக்கறப்ப அவர் விரல் அந்தத் தையல் மேல நின்னுச்சு. பத்தொன்பது வருஷம் எங்க மூட்டையைத் தூக்கினவர், அவருக்குத் தெரியாதா. நிமிந்து அக்காவைப் பாத்தார். அக்காவும் பாத்தா. அந்த நிமிஷம் எல்லாம் அவர் கையிலதான் இருந்துச்சு. கோப்புகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும், நிரந்தரம் அன்னைக்கே வந்துடும். அவர் சிவப்பு நூலை உள்பக்கமா மடிச்சு வெச்சார். உறையைத் தூக்கிட்டுப் போய்ட்டார்.

புதன்கிழமை காலையில, அக்கா சொல்லி வெச்சிருந்தபடி, டீச்சர் மத்த நாலு பேருக்கும் போன் பண்ணி, இடது பக்கம் கீழ சிவப்பு நூல், பிடிச்சு இழுங்கன்னு சொல்லிட்டாங்க. பேக்கரிக்காரருக்கும்தான். ஒன்பதரைக்கே நாங்க ரெண்டு பேரும் விரிப்பு மூட்டையோட நிலையத்துல நின்னோம். தடுப்பூசி நாள் வேற. கைக்குழந்தையோட முப்பது நாப்பது பொம்பளைங்க வரிசையில இருந்தாங்க.

கோப்பு எங்க நிலையத்துக்குத்தான் வந்தார். அசல் பெட்டியை டீச்சர் ஊர்ல வெச்சுட்டார், அங்க அவருக்குப் பயம் இல்ல. பேக்கரிக்காரருக்குத்தான் கை சும்மா இருக்காது, எதையாவது தொட்டுப் பாக்கற ஆளு. மாமா வேனை நிறுத்திட்டு வாசல்ல நின்னார்.

பிரசவ வார்டு மூலையில பச்சை உறை. பேக்கரிக்காரர் அதுக்கு முன்னால நின்னு வேர்த்துக் கொட்டினார். கை ஒரு தடவை கீழ போச்சு, திரும்பி வந்துடுச்சு.

"சார், உறையைக் கொஞ்சம்..."

"கிருமி ஒட்டும்."

"ஆமா, கிருமி." பேனாவை எடுத்தார்.

எனக்கு அந்தாளை அங்கயே நாலு அறை விடணும்போல இருந்துச்சு. அக்கா மூட்டையைக் கீழ வெச்சுட்டு முன்னால போனா.

"அண்ணே, கீழ நூல் ஒண்ணு எட்டிப் பாக்குது பாருங்க. நான் தைச்சது, அசிங்கமா இருக்கு. இழுத்து விட்டுடுங்க."

"அம்மா, துணியை வெச்சுட்டுக் கிளம்புங்க"ன்னார் கோப்பு.

பேக்கரிக்காரர் அக்காவைப் பாத்தார், கோப்பைப் பாத்தார், பேனாவைத் தாள்ல வெச்சார். அப்ப வாசல்ல இருந்து மாமா வந்தார். யாரையும் பாக்கலை. பெட்டி முன்னால மண்டி போட்டு உக்காந்து, சிவப்பு நூலைத் தேடி எடுத்து, ஒரே இழு.

சர்ருனு மேல ஏறிச்சு, குறுக்க போச்சு, கீழ இறங்கிச்சு. முன்பக்கத் துணி முழுசும் அவர் மடியில விழுந்துச்சு. உள்ள கால் உடைஞ்ச மேஜை, மேல மூணு அட்டைப் பெட்டி.

"இது என் ரொட்டிப் பெட்டியாச்சே"ன்னார் பேக்கரிக்காரர்.

வரிசையில ஒருத்தி சிரிச்சா. அப்புறம் யாரும் சிரிக்கலை. குழந்தைங்களைத் தூக்கிட்டு எல்லாரும் உள்ள வந்தாங்க.

"பெட்டி ரிப்பேருக்குப் போயிருக்கு. இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு..."

"எந்தக் கடைக்கு சார்?"னு கேட்டா அக்கா.

மாமாதான் பதில் சொன்னார், மண்டி போட்டபடியே. "கடைக்கு இல்ல. நான்தான் ஊர் ஊரா ஏத்திட்டுப் போறேன். மூணு வருஷமா என்னைக்கு எங்கன்னு என் டைரியில இருக்கு."

"உன் நிரந்தரத்தை நினைச்சுப் பேசு."

"நினைச்சுதான் சார் இத்தனை நாள் பேசலை."

"போன வருஷம் இதே வார்டுல ஒரு குழந்தை பொறந்துச்சு"ன்னா அக்கா. "அன்னைக்குப் பெட்டி மேட்டு நிலையத்துல உங்களோட போட்டோவுக்கு நின்னுச்சு. அந்தக் குழந்தை இவரோட பேத்தி. என் பேத்தி. வீட்டுல துக்கம்னு லீவு கேட்டாரே, யாருன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?"

கக்கத்து ஃபைல் கீழ விழுந்துச்சு. யாரும் எடுத்துக் குடுக்கலை.

மத்த மூணு ஊர்ல ரெண்டு பேர் நூலை இழுத்தாங்க. ஒருத்தர் மறந்துட்டேன்னு சொல்லி கையெழுத்தே போட்டுட்டார், அவரும் மனுஷன்தான். டீச்சர் எல்லா இடத்துக்கும் போன் போட்டு, மேலிடத்து ஆளுங்க வர மூணு மணி ஆச்சு. அதுவரைக்கும் கோப்பை அந்த ரொட்டிப் பெட்டி பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்கார வெச்சோம். வாசல்ல பொம்பளைங்க. அவர் பாத்ரூம் போகணும்னார். "ரிப்பேரு"ன்னா ஒருத்தி. தண்ணி கூட யாரும் குடுக்கலை. அக்கா எதிர்ல மூட்டை மேல உக்காந்து, கண்ணை எடுக்காம அவரையே பாத்துட்டு இருந்தா. பசி தீரச் சாப்பிட்டு எழுந்த மாதிரி இருந்துச்சு அவ முகம். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

கோப்புக்கும் வேலை போச்சு, மாமாவுக்கும் போச்சு. வேன் சாவியை அங்கயே வாங்கிக்கிட்டாங்க. வீட்டுக்கு நடந்து வந்தோம். மாமா பத்தடி பின்னால வந்தார்.

வாசல்ல செருப்பைக் கழட்டறப்ப அக்கா திரும்பினா. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் நேரா அவர்கிட்டயே பேசினா.

"அவனோடது முடிஞ்சுது. உங்களோடது பாக்கி இருக்கு."

மாமா உள்ள போனார். கட்டில் பக்கத்துல தரையில உக்காந்தார். குட்டி சுவரைப் பாத்துப் படுத்திருந்தா. நானும் அக்காவும் அறை வாசல்ல நின்னோம்.

"குட்டி, அன்னைக்கு அந்தப் பெட்டி ரிப்பேர்ல இல்லம்மா. நான்தான் காலையில ஏத்திட்டுப் போனேன்." ஒவ்வொண்ணா சொன்னார். மேட்டு நிலையம், குழு, ஏழே முக்கால். "கேட்டுகிட்ட எதிர்ல ஒரு வாடகை வண்டி வந்துச்சு. நான் ஹாரன்..."

குட்டி திரும்பினா. சுவரை விட்டுட்டு இந்தப் பக்கமா.

"தெரியும்பா."

மாமா நிமிந்தார்.

"அந்த ஹாரன் எனக்குத் தெரியாதா? வலியில கண்ணைத் திறக்க முடியலை. சத்தம் கேட்டுச்சு. அப்பா வந்துட்டார், இனிமே பயம் இல்லன்னு நினைச்சேன்." அவர் முகத்தைப் பாத்தா. "அப்புறம் சத்தம் தூரமாப் போச்சு. ஏன் நிக்காமப் போனீங்கன்னு இத்தனை நாளா யோசிச்சுட்டு இருக்கேன். வேன்ல என்ன இருந்துச்சுன்னுதான் எனக்குத் தெரியாது."

மாமா எழுந்தார். சுவரைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வரப் பாத்தார். அக்கா வாசல்ல குறுக்க நின்னா.

"எங்க போறீங்க? உக்காருங்க. அவ இன்னும் முடிக்கலை."

சொல்லிட்டு, வெளிப்பக்கமா கதவைச் சாத்தினா.